விக்கிமீடியா ஹேக்கத்தான்: நம் நிரலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது என்ன நிகழ்ச்சி? யார் நடத்துகிறார்கள்?

விக்கிப்பீடியா, விக்கிமூலம், விக்கித்தரவு, பொதுவகம் என எல்லாத் தளங்களுக்கும் அடியில் ஓடுவது மீடியாவிக்கி என்ற ஒரே மென்பொருள். அதற்கு நிரல் எழுதுபவர்கள், தானியங்கிகளை (தாமே தொகுக்கும் 'பாட்' நிரல்களை) ஓட்டுபவர்கள், துணைக் கருவிகள் செய்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடி மூன்று நாள் வேலை செய்வதுதான் விக்கிமீடியா ஹேக்கத்தான். இந்தத் தளங்களை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையும் நிகழ்ச்சி நடக்கும் நாட்டின் விக்கிமீடியா அமைப்பும் சேர்ந்து நடத்துவது வழக்கம். பெரும்பாலும் மே மாதத்தில், வெள்ளி முதல் ஞாயிறு வரை. கூட்டம் சிறியது, இருநூறு பேரைச் சுற்றி. அறக்கட்டளையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பொறியாளர்களும், மாலை நேரத்தில் பொழுதுபோக்காக நிரல் எழுதும் தன்னார்வலர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

பரிசுத்தொகை எவ்வளவு?

பரிசே கிடையாது. நடுவர், முதலிடம், இரண்டாமிடம் எதுவும் இல்லை.

நம் கல்லூரிகளில் ஹேக்கத்தான் என்றதும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்தான் நினைவுக்கு வரும். 2017இல் தொடங்கியது அது. மென்பொருள் பிரிவில் ஆறு பேர் கொண்ட அணி, அமைச்சகமோ நிறுவனமோ கொடுத்த ஒரு சிக்கல், 36 மணி நேரம், நடுவர் குழு, ரொக்கப் பரிசு. அந்தப் பழக்கத்தோடு இங்கே போனால் முதல் நாள் முழுக்கத் திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்கும். இங்கே உங்களுக்கு யாரும் சிக்கலைக் கொடுக்கமாட்டார்கள். நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

பரிசு இல்லாததை நான் குறையாகவே பார்க்கவில்லை. பரிசு இருந்தால் எல்லாரும் மேடையில் பளிச்சென்று தெரியும் புதிய பொருளைத்தான் செய்வார்கள். பத்து வருடமாக யாரும் தொடாமல் கிடக்கும் ஒரு வழுவை, அதாவது மென்பொருள் பிழையை, மூன்று நாள் உட்கார்ந்து சரிசெய்ய எவருக்கும் மனம் வராது. விக்கிக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை வேலை. பக்கத்து மேசைக்காரர் போட்டியாளர் இல்லை என்பதால், உங்கள் நிரல் ஓடாதபோது அவரிடமே கேட்கவும் முடிகிறது.

எப்போது தொடங்கியது? இதுவரை எங்கெல்லாம் நடந்திருக்கிறது?

2009 ஏப்ரலில் பெர்லினில். 2012 வரை நான்கு ஆண்டுகளும் பெர்லின்தான். அப்புறம் ஊர் ஊராக நகர ஆரம்பித்தது: ஆம்ஸ்டர்டாம், சூரிக், லியோன், ஜெருசலேம், வியன்னா, பார்சிலோனா, 2019இல் பிராக். 2020இல் அல்பேனியாவின் டிரானாவில் நடக்கவிருந்ததைக் கொரோனா நிறுத்திவிட்டது. 2021, 2022 இரண்டும் இணையவழி. 2023இல் ஏதென்ஸ், 2024இல் எஸ்தோனியாவின் தாலின், 2025இல் இஸ்தான்புல்.

இஸ்தான்புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. துருக்கி 2017 ஏப்ரலில் விக்கிப்பீடியாவை முழுவதுமாகத் தடைசெய்தது. அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு 2020 ஜனவரியில்தான் தடை நீங்கியது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் திறக்க முடியாமலிருந்த ஒரு தளத்தின் நிரலாளர்கள் அதே நாட்டில் கூடியது சாதாரண விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்று நாளும் என்னதான் நடக்கும்?

தொடக்க நிகழ்ச்சி சுருக்கமாக இருக்கும். பெரிய உரை, பொன்னாடை எல்லாம் இல்லை. அதன்பின் பெரும்பாலான நேரம் மேசை, மடிக்கணினி, பேச்சு. முன்கூட்டியே முடிவான அமர்வுகள் கொஞ்சம் இருக்கும். மற்றவை அங்கேயே முளைப்பவை. "வார்ப்புருக்களை லுவாவுக்கு மாற்றுவது பற்றிப் பேசலாம், மதியம் மூன்று மணி, இந்த அறை" என்று அட்டவணையில் நீங்களே எழுதிப்போடலாம் (வார்ப்புரு என்பது பல பக்கங்களில் திரும்பப் பயன்படும் அச்சு, லுவா ஒரு நிரல்மொழி). ஐந்து பேர் வந்தாலும் அது அமர்வுதான்.

கடைசி நாள் செய்ததைக் காட்டும் நேரம். ஆளுக்குச் சில நிமிடங்கள். முடிந்த வேலையும் வரும், அரைகுறையும் வரும். ஒரு வழுவுக்குக் காரணம் எது என்று கண்டுபிடித்ததை மட்டும் சொல்லிவிட்டு இறங்குபவரும் உண்டு, அவருக்கும் கைதட்டல் உண்டு.

ஆனால் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. மீடியாவிக்கிக்கு நீங்கள் அனுப்பும் மாற்றம் ஜெரிட் என்ற தளத்தில் காத்திருக்கும். அதைப் பார்த்து ஒப்புதல் தரும் உரிமையுள்ள ஒருவர் 'பிளஸ் டூ' போட்டால்தான் உள்ளே போகும் (அந்தப் பரீட்சை இல்லை, ஆனால் பதற்றம் அதே அளவு). தன்னார்வலர்களின் மாற்றங்கள் மாதக்கணக்கில் அங்கே தூங்குவது விக்கி உலகின் பழைய புகார். ஹேக்கத்தானில் அந்த ஒப்புதல் தருபவர் இரண்டு மேசை தள்ளி டீ குடித்துக்கொண்டிருப்பார். திரையைத் திருப்பிக் காட்டினால் பத்து நிமிடத்தில் எது சரியில்லை என்று சொல்லிவிடுவார். எழுத்தில் இருபது முறை போய்வந்த விவாதம் அங்கே ஒரு சாப்பாட்டு வேளையில் முடிவதுண்டு.

எந்த நிரல்மொழி தெரிந்திருக்க வேண்டும்?

மீடியாவிக்கியின் உட்பகுதி பிஎச்பி. உலாவியில் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட், புதிய இடைமுகங்களில் வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பு. தானியங்கிகளுக்குப் பைத்தானில் எழுதிய பைவிக்கிபாட். விக்கிப் பக்கங்களுக்குள்ளே ஓடும் தொகுதிகள் லுவா. இதில் ஏதாவது ஒன்று நன்றாகத் தெரிந்தால் போதும். எஸ்கியூஎல் மட்டும் தெரிந்தவர்களுக்கும் இடம் உண்டு: விக்கியின் தரவுத்தளப் பிரதியை உலாவியிலிருந்தே வினவ க்வாரி என்ற கருவி இருக்கிறது. "படமே இல்லாத தமிழ்க் கட்டுரைகள் எவை?" என்பது போன்ற கேள்விக்கு அதில் விடை எடுக்கலாம்.

தமிழுக்கு இதில் என்ன வேலை இருக்கிறது?

நிறைய. இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

முதலில் வேற்றுமை உருபு. விக்கியில் [[மதுரை]]யில் என்று எழுதினால் அடைப்புக்கு வெளியே உள்ள 'யில்' தானாகவே இணைப்போடு ஒட்டிக்கொள்ளும். நல்லது. ஆனால் 'மரம்' என்ற கட்டுரைக்கு 'மரத்தில்' என்று இணைப்புக் கொடுக்க, [[மரம்|மரத்தில்]] என்று இரண்டையும் கையால் எழுத வேண்டும். சொல்லின் உடலே மாறிவிடுகிறதே! இடைமுகச் செய்திகளில் இதைவிடச் சங்கடம். பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, பின்னால் 'இல்', 'ஐ', 'க்கு' என்று எழுதினால் 'சென்னை இல்', 'குமார் ஐ' என்று திரையில் வந்து நிற்கும். பெயருக்கு ஏற்ப உருபைச் சேர்க்க மீடியாவிக்கியில் 'கிராமர்' என்றே ஒரு வசதி உண்டு. ஃபின்னிஷ்காரர்களும் ரஷ்யர்களும் அதில் தங்கள் விதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் புணர்ச்சி விதிகளை அறிந்த, நிரலும் எழுதத் தெரிந்த ஒருவர் இதில் செய்யக்கூடியது அதிகம்.

அடுத்தது விக்கிமூலம். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்களின் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்கள் அங்கே மலைபோல் இருக்கின்றன. படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக்கும் கூகுளின் எழுத்துணரியை விக்கிமூலத்தோடு இணைக்கும் பைத்தான் நிரலைத் தமிழ்நாட்டுக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் எழுதினார்கள். பிற இந்திய மொழிக்காரர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். எழுத்துணரி தந்ததை மனிதர் மெய்ப்புப் பார்க்க வேண்டும், அங்கேதான் வேலை தேங்குகிறது. துணைக்காலுக்குப் பதில் 'ர', 'ஏ'க்குப் பதில் 'எ', பக்கத் தலைப்பு பாட்டுக்கு நடுவில் வந்து உட்காருவது போன்ற பிழைகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருபவை. ஒரே மாதிரி வருவதால் நிரல் எழுதிப் பிடிக்கலாம். ஒரு சொடுக்கில் பக்கம் முழுதும் தேடிச் சந்தேக இடங்களை நிறமிட்டுக் காட்டும் சிறு கருவி போதும். தமிழ் விக்கிமூலத்தில் உழைப்பவர்கள் உங்களைக் கும்பிடுவார்கள்.

இன்னும் இருக்கிறது. தேடுபெட்டியில் 'ஆறுகளின்' என்று தட்டியவருக்கு 'ஆறு' கிடைக்க வேண்டும், 'ஆறு' என்ற எண் கிடைக்கக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு அளந்து செய்த பொத்தானில் 'கு', 'மூ' ஆகியவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படக் கூடாது. தமிழ்99, பாமினி, ஒலிபெயர்ப்பு ஆகிய தட்டச்சு முறைகள் விக்கிக்குள்ளேயே உண்டு, அவற்றைக் கைபேசிக்காரர்களும் புது உலாவிக்காரர்களும் தொடர்ந்து சோதித்துச் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் பெர்லினிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ இருப்பவர் தானாகக் கவனிக்க வழியில்லை. அவர் திரையில் தமிழே வராது. யாராவது போய்க் காட்ட வேண்டும்.

விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரைகூட எழுதியதில்லை. போகலாமா?

நேராகச் சொல்கிறேன்: அண்மை ஆண்டுகளில் இந்த நிகழ்ச்சி, ஏற்கெனவே விக்கியின் தொழில்நுட்பப் பக்கத்தில் புழங்குபவர்களை மனத்தில் வைத்தே நடத்தப்படுகிறது. 2017 வியன்னா முதல் சில ஆண்டுகள் புதியவர்களுக்கு வழிகாட்டிகளை ஒதுக்கி, கைப்பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது, வந்தவுடன் தானே வேலையைத் தொடங்கக்கூடியவர்களையே அதிகம் எதிர்பார்க்கிறார்கள்.

அதனால் புதியவர்களுக்கு வேறு வாசல்கள் மேல். கூகுள் சம்மர் ஆஃப் கோடில் விக்கிமீடியா 2006 முதல் இருக்கிறது. அவுட்ரீச்சியும் உண்டு. இரண்டும் புதியவர்களைத் திறந்த மூல மென்பொருள் வேலையில் பழக்கும் திட்டங்கள். இரண்டிலும் வழிகாட்டி கிடைப்பார், மாதக்கணக்கில் வேலை செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. அங்கே ஒரு சுற்று முடித்துவிட்டு ஹேக்கத்தானுக்குப் போனால் அறைக்குள் நுழையும்போதே நாலு பேரைத் தெரிந்திருக்கும்.

நிரல் எழுதத் தெரியாது, ஆனால் வருடக்கணக்கில் தமிழ் விக்கியில் தொகுக்கிறேன். எனக்கு இடமுண்டா?

வார்ப்புருக்களைப் பராமரிப்பவர், மொழிபெயர்ப்பு விக்கியில் இடைமுகச் செய்திகளைத் தமிழாக்குபவர், ஆவணம் எழுதுபவர், வழுக்களைத் துல்லியமாகப் பதிவு செய்பவர் எல்லாரும் தொழில்நுட்பப் பங்களிப்பாளர்கள்தான். வார்ப்புருவை உள்ளும் புறமும் அறிந்தவர் தனக்கு நிரல் தெரியாது என்று சொல்லிக்கொள்வது வெறும் தன்னடக்கம்.

செலவு யார் பார்த்துக்கொள்வார்கள்?

அறக்கட்டளை பயண உதவி தருகிறது. கிடைத்தால் விமானக் கட்டணம், தங்குமிடம் இரண்டும் அதில் அடங்கும். நிகழ்ச்சி மே மாதம் என்றால் விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே, முந்தைய ஆண்டின் இறுதியை ஒட்டித் திறந்து மூடிவிடும். ஏப்ரலில் விழித்துக்கொண்டு கேட்பவர்களுக்கு அனுதாபம் மட்டுமே கிடைக்கும்.

விண்ணப்பத்தில் எடுபடுவது, ஏற்கெனவே என்ன செய்திருக்கிறீர்கள் என்பதும் அங்கே என்ன செய்யப்போகிறீர்கள் என்பதும். "தமிழ் உலகின் மூத்த மொழி, அதை வளர்க்க ஆசை" என்ற வகை வாக்கியங்கள் வேலைக்காகாது. "இந்த வழு, இந்த எண், இதுவரை இவ்வளவு முடித்திருக்கிறேன், மீதிக்கு இன்ன குழுவோடு உட்கார வேண்டும்" என்று எழுதுங்கள்.

விசா?

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறவர்களுக்கு உண்மையான தடை இதுதான். ஐரோப்பாவில் நடந்தால் பெரும்பாலும் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், கல்லூரி அல்லது வேலையிடத்துக் கடிதம் எல்லாம் வேண்டும். பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஏப்ரல், மே மாதங்களில் கோடை விடுமுறைப் பயணிகளின் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே பாடு. உதவித்தொகை உறுதியான அன்றே நாள் குறியுங்கள். துருக்கி ஷெங்கனில் இல்லை, ஆகவே இஸ்தான்புல்லுக்கு விதிகள் வேறாக இருந்தன. நடக்கும் நாட்டைப் பார்த்துத்தான் எதையும் தொடங்க வேண்டும்.

என் ஆங்கிலம் சுமார். சமாளிக்க முடியுமா?

முடியும். அங்கே வருபவர்களில் பெரும் பகுதியினருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழியோ மூன்றாவது மொழியோதான். செக்காரரும் இத்தாலிக்காரரும் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டால் உங்களுக்கே தைரியம் வந்துவிடும். புரியவில்லை என்றால் நிரலைக் காட்டச் சொல்லுங்கள்.

இரவு முழுக்க விழித்திருக்க வேண்டுமா? சாப்பாடு?

விழித்திருக்க யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. விடியவிடிய உட்காருபவர்கள் சிலர் எப்போதும் உண்டு, மற்றவர்கள் போய்த் தூங்குவார்கள். சைவ உணவு கிடைக்கும், பதிவுப் படிவத்திலேயே குறிப்பிடுங்கள். மூன்று நாளும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு புட்டி பருப்புப்பொடி எடுத்துப் போவது நலம்.

போவதற்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

கணக்குகள் எல்லாவற்றையும் வீட்டிலேயே திறந்துவிடுங்கள்: விக்கிமீடியா கணக்கு, நிரலாளர் கணக்கு, வழுக்களைப் பதியும் பேப்ரிகேட்டர் கணக்கு. டூல்ஃபோர்ஜில், அதாவது தன்னார்வலர்களின் கருவிகளை இலவசமாக ஓட்டித்தரும் வழங்கியில், இடம் வேண்டுமென்றால் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும். மீடியாவிக்கியை உங்கள் கணினியில் நிறுவி ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள். இருநூறு பேர் பகிரும் வைஃபையில் அதைத் தொடங்கினால் முதல் நாள் அதிலேயே போய்விடும்.

ஐரோப்பியச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் நம் மூன்று முனைக் கம்பி நுழையாது. மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே எழுதும் நிரல் யாருக்குச் சொந்தம்?

எழுதியவருக்கே. ஆனால் கட்டற்ற உரிமத்தில் வெளியிட வேண்டும். மீடியாவிக்கியின் உரிமம் ஜிபிஎல். டூல்ஃபோர்ஜில் ஓடும் எந்தக் கருவிக்கும் திறந்த மூல உரிமம் கட்டாயம். நம்மூர்ப் போட்டிகள் சிலவற்றின் விதிமுறைகளில் மாணவர் எழுதியதெல்லாம் நடத்துபவருக்குச் சொந்தம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். இங்கே அந்தக் கவலை இல்லை.

செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதிய நிரலைக் கொண்டுபோகலாமா?

எதைக் கொண்டு எழுதினாலும், ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். கேட்பவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஓ.டி. (கல்லூரியில் 'ஆன் டூட்டி' வருகைப்பதிவு) வாங்கச் சான்றிதழ் கிடைக்குமா?

அழைப்புக் கடிதத்தை வைத்துத் துறைத்தலைவரிடம் பேசிப் பாருங்கள். ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, மீடியாவிக்கியில் உங்கள் பெயரில் ஏற்கப்பட்ட ஒரு மாற்றத்தின் சுட்டி எந்தச் சான்றிதழையும்விடக் கனமானது. கோடிக்கணக்கானோர் திறக்கும் தளத்தில் அந்த வரி ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்று நாளில் செய்த கருவிகள் பிறகு என்ன ஆகின்றன?

பல செத்துப்போகின்றன. இதை மறைப்பதில் பயனில்லை. கைதட்டல் வாங்கிய கருவி ஊர் திரும்பியதும் கவனிப்பாரில்லாமல் கிடந்து, ஒருநாள் விக்கியோடு கருவி பேசும் வழியான ஏபிஐ மாறியதும் நின்றுபோகும். அதை நம்பித் தினமும் வேலை செய்தவர்கள்தான் தவிப்பார்கள். டூல்ஃபோர்ஜில் இதற்காகவே கைவிடப்பட்ட கருவிகளுக்கான விதி இருக்கிறது: பராமரிப்பவர் பதில் சொல்லாமலே போனால் வேறொருவர் கேட்டு எடுத்து நடத்தலாம்.

என் கருத்தைக் கேட்டால், புதிய கருவி செய்யப் போகாதீர்கள். தமிழ் விக்கியர் ஏற்கெனவே நம்பியிருக்கும் கருவி ஒன்றைத் தத்தெடுங்கள், அல்லது செய்வதைக் கருவியாக வைக்காமல் மீடியாவிக்கிக்குள்ளேயே சேர்க்கப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் அதைப் பராமரிக்க நிறையக் கைகள் இருக்கும். ஒரே ஆளுடைய கருவிக்கு அவருக்குக் காய்ச்சல் வந்தால் அதுவும் படுத்துவிடும்.

இந்தியாவில் இப்படி நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது. மும்பையில் 2011 நவம்பரிலும், புனேயில் 2012 பிப்ரவரியிலும், பெங்களூருவில் அதே ஆண்டு நவம்பரிலும் விக்கிமீடியா நிரலாளர் கூட்டங்கள் நடந்தன. ஆண்டுதோறும் நாடு மாறும் விக்கிமேனியா மாநாட்டிலும் ஹேக்கத்தான் ஒரு பகுதியாக இருப்பது வழக்கம். 2023 ஆகஸ்டில் அது சிங்கப்பூரில் நடந்தது. இங்கிருந்து போகிறவர்களுக்கு ஐரோப்பாவைவிட அந்த மாதிரி ஊர் எல்லா வகையிலும் வசதி.

உதவித்தொகையும் இல்லை, விசாவும் இல்லை. வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாமா?

வேலைகள் எல்லாம் பேப்ரிகேட்டரில் யாரும் பார்க்கும்படி பட்டியலாக இருக்கின்றன. புதியவர் தொடங்கத் தக்கவற்றுக்குத் தனிக் குறிச்சொல்லும் உண்டு. ஹேக்கத்தான் நடக்கும் நாட்களில் அந்தந்தக் குழுவின் அரட்டையில் சேர்ந்துகொண்டால் அறைக்குள் நடப்பது ஓரளவு தெரியும், கேள்விக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் பதிலும் வரும். தொடங்க இடம் தெரியாவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவின் ஆலமரத்தடியில், அதாவது பொது உரையாடல் பக்கத்தில், "எந்தக் கருவி உடைந்து கிடக்கிறது?" என்று கேளுங்கள். பட்டியல் வரும்.